சின்ன மண்பாண்ட ஸ்டுடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டோடு ஒரு சக்கரமும் சின்னச் சூளையும் வைத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை செய்பவர்களிடம் வாங்க வருகிறவர்களும் கற்க வருகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். கேட்ட மாதிரியே அவற்றை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறோம். முன்னால் வந்த விஷயம் மறுபடி வந்தால் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. அக்கா, நாள் முழுக்க சக்கரத்துலதான் உக்காந்திருப்பீங்களா?

இல்லை. சக்கரத்தில் போகும் நேரம் மொத்த வேலையில் கால்வாசிகூட வராது. மண் கரைத்து அரிப்பது, பிசைவது, எடைபோட்டு உருண்டை பிடிப்பது, வனைந்ததைச் செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, மூடியும் திறந்தும் காயவைப்பது, சூளை அடுக்குவது, கிளேஸில் (சுட்டால் கண்ணாடி போலாகும் பூச்சுக் குழம்பு) முக்குவது, அடி துடைப்பது, கடைசியில் இடத்தைக் கழுவுவது என்று மீதி நேரம் போய்விடும்.

இருபது சாயா கப்பு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் வனைந்து, சாயங்காலம் பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூட வேண்டும். மறுநாள் அடி செதுக்கிக் கைப்பிடி ஒட்டி மறுபடி மூட வேண்டும். அதன்பின் கோடையில் ஏழு முதல் பத்து நாள், மழையில் இரண்டு மூன்று வாரம் காய வேண்டும். பிறகு முதல் சூடு ஒரு நாள், ஆற ஒரு நாள், கிளேஸ் ஒரு நாள், இரண்டாம் சூடும் ஆறுதலும் இரண்டு நாள். ஆர்டருக்கு ஒரு மாதம் கேட்பது இதனால்தான்.

2. நம்ம குளத்து மண்ணே போதாதா? எதுக்கு வெளியூர் மண்ணு வாங்கணும்?

என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்டி, பானை, பூந்தொட்டி, அகல் விளக்குக்குக் குளத்து மண் அருமையானது. இரும்புச்சத்து நிறைந்த இந்த மண் 900 முதல் 1050 டிகிரி செல்சியஸுக்குள் சிவந்து இறுகும். 1150-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உப்பும், வளையும், சில மண் உருகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கிளேஸ் போட்ட, தண்ணீர் கசியாத கப்பும் தட்டும் வேண்டுமென்றால் 1200-க்கு மேல் தாங்கும் ஸ்டோன்வேர் மண் வேண்டும். வீட்டில் பழைய ஊறுகாய் பரணி இருந்தால் அதன் உடைந்த விளிம்பைப் பாருங்கள். கல் போல இறுகியிருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. அதுதான் ஸ்டோன்வேர். இதற்கான வெள்ளைக் களிமண் திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்துக் கயோலின் படிவுகளிலிருந்து கிடைக்கிறது. நெய்வேலி, பண்ருட்டிப் பகுதிப் பால் கிளேயும் (ball clay, இழுவை கூடிய களிமண்), பெல்ட்ஸ்பாரும் (சூட்டில் உருகி மண்ணை இறுக்கும் கனிமம்), குவார்ட்ஸ் தூளும் (படிகக் கல்லின் தூள்) சேர்த்துக் கலவை போடுவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கலந்த மண்ணாகவே வாங்குவது நல்லது. முதல் வருடத்தில் மண்ணையும் கிளேஸையும் சேர்த்துச் சோதித்தால் தவறு எதில் என்றே தெரியாது.

3. குளத்துல போய் வெட்டிட்டு வந்தா போதுமா? யாருகிட்டயாவது கேக்கணுமா?

கேட்க வேண்டும். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி மண்பாண்டத் தொழிலுக்குக் குளத்துக் களிமண்ணை இலவசமாக எடுக்கலாம், ஆனால் அனுமதி பெற்றுத்தான். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இந்த அனுமதி கிடைக்கிறது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து குளம் வற்றும் மாசி, பங்குனியிலேயே மனு கொடுத்துவிடுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் அடுத்த வருடம்தான்.

மேல்மண்ணை அள்ளாதீர்கள். அதில் வேரும் இலைச் சருகும் நத்தை ஓடும் கலந்திருக்கும். ஒரு முழம் தள்ளிவிட்டு, கத்தியால் வெட்டினால் வழுவழுவென்று பளபளக்கும் அடுக்கிலிருந்து எடுங்கள். சுண்டுவிரல் கனத்தில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரியாமல் வளைந்தால் வனைய ஆகும். பிளந்தால் மணல் அதிகம்.

4. அந்த மண்ண எப்படி பதமாக்குறது?

முதலில் முழுக்கக் காயவிட்டு உடையுங்கள். ஈரக்கட்டி நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது. காய்ந்த கட்டி அரை மணி நேரத்தில் தானாக உதிர்ந்து சேறாகும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கலக்கி, மணல் அடியில் தங்க ஒரு நிமிடம் விட்டு, மேலிருக்கும் குழம்பை 60 அல்லது 80 மெஷ் (ஒரு அங்குலத்தில் அத்தனை கண்) சல்லடையில் அரியுங்கள். தெளிந்து மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதை இரண்டு முறை செய்தால் மண்ணில் கரைந்திருக்கும் உப்பும் போய்விடும். கடலோரக் குளத்து மண்ணுக்கு இது அவசியம். உப்பு நின்றால் காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், சுட்ட பிறகும் போகாது.

கெட்டியான குழம்பைப் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடலாம், அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில் ஊற்றலாம். பலகையின் ஓரம் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் துணுக்கு மண்ணில் விழுந்தால் கேள்வி 13-இல் சொல்லும் அதே வெடிப்பைத் தரும். சட்டிக்கான மண் என்றால் அரித்த நைஸ் மணல் பத்து முதல் இருபது சதவீதம் மிதித்துச் சேர்க்க வேண்டும். பதமான மண்ணைக் காற்றுப் புகாமல் கட்டி ஒரு மாதமாவது வைத்தால் இழுவை கூடும்.

5. மெஷினே இருக்கே, இன்னும் கையால பிசையணுமா?

வேண்டும். பக்மில் என்ற மண் பிசையும் மெஷின் மண்ணைக் கலக்கும். வெற்றிட வசதி இல்லாத சின்ன மெஷின் காற்றை முழுதாக எடுக்காது. எடுத்திருந்தாலும், இரண்டு நாள் வைத்திருந்த மண்ணில் வெளிப்புறம் கெட்டியாகவும் உள்ளே இளக்கமாகவும் இருக்கும். அப்படியே சக்கரத்தில் வைத்தால் நடு நிற்காது, கை நடுங்குவது போலவே இருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் தம் கையைக் குறை சொல்லிக்கொள்வார்கள், காரணம் மண்ணில் இருக்கும். ஐம்பது அறுபது சுற்றுப் பிசைந்து, கம்பியால் நடுவில் அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தில் ஓட்டையும் நிறப்பட்டையும் தெரியாமல் போகும்வரை தொடருங்கள்.

6. ஒரு கப்புக்கு எவ்வளவு மண்ணு எடுக்கணும்?

சாயா கப்புக்கு 300 முதல் 350 கிராம், காபி மக்குக்கு 400, கஞ்சிக் கிண்ணத்துக்கு 600, ஒன்பது அங்குலத் தட்டுக்கு ஒரு கிலோ 200. கைப்பிடி தனி. தராசு இல்லாமல் வேலை பார்த்தால் ஆறு கப்பு ஆறு அளவில் வரும்.

சுருக்கத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். குளத்து மண் 8 முதல் 10 சதவீதம், ஸ்டோன்வேர் 12 சதவீதம் வரை சுருங்கும். சுட்டபின் 10 செ.மீ. உயரம் வேண்டும், சுருக்கம் 12 சதவீதம் என்றால் 10-ஐ 0.88-ஆல் வகுங்கள். ஈரத்தில் 11.4 செ.மீ. வனைய வேண்டும். உங்கள் மண்ணின் சுருக்கத்தை அறிய, ஈரப் பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் போதும்.

7. அடியில எஸ் எழுத்து மாதிரி விரிசல் வருது, ஏன்?

அடியை அமுக்காமல் விட்டதால். சுவரை மேலே இழுக்கும்போது சுவர் மண் இறுகுகிறது, நடு அடி இறுகுவதில்லை. காயும்போது அது அதிகம் சுருங்கிக் கிழிகிறது. நடுவைத் திறந்ததும் ஸ்பாஞ்சாலோ மரத் துண்டாலோ வெளியிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து வெளிக்கும் நாலைந்து முறை அழுத்தித் தேயுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரைச் சக்கரத்திலிருந்து எடுக்கும் முன்பே ஒற்றி எடுங்கள். அடி ஒரு செ.மீ.க்கு மேல் தடித்திருந்தாலும் இதே விரிசல்தான்.

8. கைப்பிடி ஒட்டின இடத்துல கீறல் விடுது.

கப்பும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இல்லை. கப்பு அரைக்காய்ச்சலில் இருக்கும்போது, அதாவது விரல் அழுத்தினால் பள்ளம் விழாது, நகம் மட்டும் பதியும் என்ற பதத்தில், அப்போதுதான் இழுத்த ஈரக் கைப்பிடியை ஒட்டினால் கைப்பிடி பின்னால் அதிகம் சுருங்கி ஒட்டைப் பிய்க்கும். கைப்பிடியை இழுத்து வளைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். இரு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள். பிறகு ஒரு இரவு பிளாஸ்டிக்கால் இறுக்க மூடினால் ஈரம் சமமாகும். இந்த ஒரு இரவை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கைப்பிடிகளே போகும்.

9. மழைக்காலத்துல எதுவும் காயவே மாட்டேங்குதே, என்ன செய்ய?

நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் பாத்திரத்தின் உள்சுவரில் ஈரம் ஒளிந்திருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இன்னும் நிச்சயமான வழி, ஒரு மாதிரிக் கப்பைத் தினமும் எடைபோடுவது. மூன்று நாள் ஒரே எடையில் நின்றால், அந்தக் காற்றில் அதற்கு மேல் காயாது. மீதியைச் சூளையில்தான் ஓட்ட வேண்டும் (கேள்வி 11).

பாத்திரங்களைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் கம்பி அலமாரியில் வையுங்கள், அடியும் மூச்சுவிடட்டும். சிறிய அறையை மூடி ஒரு டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின்) ஓட்டினால் நல்ல பலன். அது இல்லாதவர்கள் ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் மேலேயும் பக்கத்திலும் அடுத்த தொகுதியை அடுக்கலாம்.

10. எங்களுக்கு ஆரல்வாய்மொழி. மழை இல்ல, காத்துதான். ஒரு பக்கமா கோணிப் போகுது.

வைகாசி முதல் ஆவணி வரை கணவாய் வழியே வரும் காற்று மழையைவிடப் பெரிய எதிரி. காற்று படும் பக்கம் முதலில் சுருங்குவதால் வாய் நீள்வட்டமாகும், தட்டின் விளிம்பு தூக்கும். மேற்கு ஜன்னலை அடைத்து, முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். கப்புகளை வாயோடு வாய் கவிழ்த்து ஜோடியாக வைத்தால் வாய் வட்டம் கெடாது. விளிம்பு எப்போதும் அடியைவிட முந்தும், அதனால் விளிம்பில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை சுற்றிவிடுங்கள். ஃபேன் காற்றுக்கும் இதே விதி.

11. முதல் சூட்டுலயே படார்னு வெடிச்சிருச்சு. உள்ள காத்து இருந்ததாலயா?

காற்று என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், குற்றவாளி தண்ணீர். மண்ணுக்குள் மிஞ்சிய ஈரம் 100 டிகிரியில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பெயர்க்கிறது. காற்றுக்குமிழ் உள்ள பாத்திரம் முழுக்கக் காய்ந்திருந்தால் வெடிக்காது. குமிழே இல்லாத தடித்த அடி ஈரமாக இருந்தால் வெடிக்கும்.

கரண்ட் சூளையில் இந்த ஓட்டம் பாதுகாப்பானது: மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்து 80 முதல் 90 டிகிரியில் நிறுத்துங்கள். கோடையில் மூன்று மணி நேரம், மழையில் ஒரு இரவு. திறப்பில் ஒரு கண்ணாடித் துண்டை நீட்டிப் பாருங்கள். பனிப்பு படிந்துகொண்டிருக்கும்வரை சூட்டை ஏற்றக்கூடாது. படிவது நின்றபின் மணிக்கு 60 முதல் 80 டிகிரி வீதம் 600 வரை போங்கள். 573-இல் குவார்ட்ஸ் திடீரென விரியும், அந்த இடத்தில் அவசரம் கூடாது. 600 தாண்டியதும் மூடியை இறக்கி, மணிக்கு 100 முதல் 120 வீதம் 980 வரை. 700-க்கும் 900-க்கும் நடுவே மண்ணிலுள்ள கரி எரிந்து வெளியேற வேண்டும். குளத்து மண்ணில் கரி அதிகம் என்பதால் கண்துளை (சூளைக்குள் பார்க்கும் துளை) அடைப்பைத் திறந்தே வையுங்கள். கரி உள்ளே தங்கினால் இரண்டாம் சூட்டில் பாத்திரம் கொப்புளிக்கும். ஆறும்போது 100-க்குக் கீழே வரும்வரை திறக்காதீர்கள்.

12. கரண்டா, கேஸா, விறகா? எந்தச் சூளை வாங்கலாம்?

வீட்டுப் பக்கம் என்றால் கரண்ட். சுமார் 100 லிட்டர் கொள்ளும் சூளையில் 35 முதல் 40 கப்பு அடுக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். 1220 டிகிரி சூட்டுக்குச் சுமார் 40 முதல் 60 யூனிட் ஆகும். மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கோன் (குறிப்பிட்ட சூட்டில் இளகி வளையும் சின்னக் கூம்பு) வையுங்கள். வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை, கோன் வளைவதுதான் சரியாகச் சொல்லும்.

நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். திறக்காமல் விடுங்கள். வந்ததும் நின்ற இடத்திலிருந்து தொடரும்படி கண்ட்ரோலரை முன்கூட்டியே அமைத்துவையுங்கள். முதலிலிருந்து தொடங்கும்படி இருந்தால், 900-இல் இருக்கும் சூளை 80-க்கு இறங்கும்வரை அது காத்து நிற்கும்.

கேஸ் சூளையில் உள்ளே ஆக்சிஜனைக் குறைத்துச் சுடலாம், நிறங்கள் ஆழமாக வரும். வணிக சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும். விறகுச் சூளைக்கு ரப்பர் விறகு நம் பக்கம் தாராளம். கதம்பையும் (தேங்காய் மட்டை) கொதும்பும் (தென்னம்பாளை) மூட்டத்துக்கு நல்லது, உச்ச வெப்பத்துக்கு மெல்லியதாகப் பிளந்த காய்ந்த விறகு வேண்டும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே புகை வைத்து அண்டை வீட்டாரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

13. நல்லா வெந்து வந்த சட்டி, பத்து நாள் கழிச்சு பொட்டுப் பொட்டா உதிருது.

உதிர்ந்த பள்ளத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? அது சுண்ணாம்பு. மண்ணில் கிடந்த நத்தை ஓடோ சிப்பித் துணுக்கோ சூட்டில் நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து மேல்தோலைத் தள்ளுகிறது. ஈரக்காற்று ஊரில் இது சீக்கிரமே தெரியும்.

காய்ந்த மண் கட்டியின்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கேள்வி 4-இல் சொன்னபடி 80 மெஷ்ஷில் அரித்தால் பெரும்பாலும் தீரும். சுட்டுவிட்ட தொகுதியைக் காப்பாற்ற, சூளையிலிருந்து எடுத்ததும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீரில் முழுக ஒரு மணி நேரம் போடுங்கள். சின்னத் துணுக்குகள் வெடிக்காமல் நீர்த்து இளகிவிடும். பட்டாணி அளவுக் கட்டிகளை இது காப்பாற்றாது.

14. மணவாளக்குறிச்சி கருமணல கிளேஸ்ல போட்டா புள்ளி புள்ளியா அழகா வருமாமே?

கேள்விப்பட்டது பாதி சரி. அந்த மணலிலுள்ள இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது, கிளேஸில் பழுப்புப் புள்ளிகள் தரும். அதே மணலிலுள்ள சிர்கான் என்ற தாதுவிலிருந்து வரும் பொடி கிளேஸை வெண்மையாக்கி அடியிலுள்ள மண் நிறத்தை மறைக்கும். ஆனால் கடற்கரையிலிருந்து அள்ளிய மணலில் மோனசைட்டும் சேர்ந்தே இருக்கும். 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் இந்தக் கரையின் மணலில் கண்டறிந்த மோனசைட் அதுதான். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அணுக் கனிமமான அதை எடுக்கவும் வைத்திருக்கவும் சட்டம் தனியாருக்கு இடம் தரவில்லை. சாப்பிடும் பாத்திரத்தில் அதற்கு இடமே கிடையாது. புள்ளி வேண்டுமென்றால் பிரித்துச் சுத்தம் செய்த இல்மனைட்டை ரசாயனக் கடையில் வாங்கி, கிளேஸில் ஒரு சதவீதம் சேர்த்துப் பாருங்கள்.

15. உங்க ஸ்டோன்வேர் சட்டியில மீன் குழம்பு வைக்கலாமா?

நேரடி அடுப்பில் வைக்காதீர்கள். இறுகிய உடலில் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிவதற்கு இடமில்லை, பிளந்துவிடும். மீன் குழம்புக்கு மணல் கலந்த, கிளேஸ் இல்லாத செம்மண் சட்டிதான். அதன் நுண்துளைகளும் மணலும் வெப்பத்தின் இழுப்பைத் தாங்கும். சுங்கான்கடைப் பக்கம் பரம்பரையாகச் செய்கிறவர்களிடம் வாங்குங்கள், அந்த வேலையில் அவர்கள் கை பேசும்.

புதுச்சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சித் தண்ணீரைச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி சூடாக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் கசிவு நிற்கும்.

16. கிளேஸ்ல ஈயம் இருக்குமா? புளியும் எலுமிச்சையும் ஊத்தி வைக்கலாமா?

ஈயமும் காட்மியமும் சேராத கிளேஸ்தான் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு. அடக்கவிலை மலிவு என்று பெயர் தெரியாத ஃப்ரிட் (கிளேஸில் சேர்க்கும், உருக்கி அரைத்த கண்ணாடிப் பொடி) வாங்காதீர்கள். செய்முறை சரியாக இருந்தாலும் சூடு பற்றாமல் போனால் கிளேஸ் முழுதாகக் கண்ணாடியாகாமல், நிறத்துக்குச் சேர்த்த தாமிரமும் மாங்கனீசும் புளியில் கரையும்.

வீட்டுச் சோதனை: பாதி உயரத்துக்கு வினிகர் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். கழுவிப் பார்க்கும்போது கோட்டுக்குக் கீழே நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அதைப் பூச்சாடியாக விற்றுவிடுங்கள். மாறவில்லை என்பது மட்டும் முழுச்சான்று அல்ல. நிறைய விற்கிறவர்கள் ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

17. கடையில கப்பு மலிவா கிடைக்குது, உங்களது ஏன் இவ்வளவு?

வனைதல், செதுக்கல், கைப்பிடி, தேய்த்தல், கிளேஸ், அடி துடைத்தல் எல்லாம் சேர்த்துக் கப்புக்கு ஏறக்குறைய அரை மணி நேரக் கைவேலை. இரண்டு சூட்டுக்கும் கப்புக்கு இரண்டு யூனிட் வரை கரண்ட். பத்தில் ஒன்று உடையும் அல்லது குறைபடும். மண்ணின் விலை இதில் சின்னப் பகுதிதான், நீங்கள் தருவது நேரத்துக்கு. பேரம் பேசுவதானால், குறைபட்டதைக் குறைந்த விலைக்குக் கேளுங்கள், மகிழ்ச்சியாகத் தருவார்கள்.

18. அரசு உதவி ஏதும் உண்டா?

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மண்பாண்டத் தொழில் இருக்கிறது. 35 வயது நிறைந்தவர்கள் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் பெறலாம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

19. மண்ணு வேலைதானே, உடம்புக்கு என்ன கெடுதல்?

ஈர மண்ணால் எதுவும் இல்லை. காய்ந்த தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியேறாது, ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள். கிளேஸ் பொடி கலக்கும்போதும் காய்ந்த கப்பைத் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம். துணி மாஸ்க் போதாது. தேய்ப்பதையே ஈர ஸ்பாஞ்சால் செய்தால் பாதிப் பிரச்சனை தீரும். வேலைத் துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

20. ஆறு மாசம் கழிச்சு கிளேஸ்ல முடி மாதிரி கோடு விழுது. வாங்கினவங்க திட்டுறாங்க.

கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது. அதனால் இழுபட்டு விரிகிறது. சூளையிலிருந்து எடுத்ததும் 'டிங் டிங்' என்று கேட்டால் அன்றே தெரிந்துவிடும். மாதங்கள் கழித்து வந்தால் உடல் முழுதாக இறுகவில்லை என்று சந்தேகியுங்கள். துளையுள்ள மண் நம் ஊர் ஈரத்தை மெல்ல உறிஞ்சித் துளியளவு பருக்கும், மேலே உள்ள கண்ணாடி பருக்காது.

முதலில் உடலைச் சோதியுங்கள். சுட்ட துண்டை எடைபோட்டு, ஐந்து மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். கூடிய எடையை முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் உறிஞ்சும் சதவீதம். ஸ்டோன்வேருக்கு இரண்டு மூன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சூட்டைக் கூட்டுங்கள், அல்லது மண்ணில் பெல்ட்ஸ்பாரைக் கூட்டுங்கள். உடல் சரியாக இருந்தால் கிளேஸில் குவார்ட்ஸ் பொடியை ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்றிச் சிறு துண்டுகளில் சுட்டுப் பாருங்கள். துண்டைக் கொதிநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் மாறி மாறி நாலைந்து முறை போட்டெடுத்து, பேனா மையைத் தடவித் துடையுங்கள். மை ஏறும் கோடு தெரியாத கலவையையே அடுத்த சூளையில் போடுங்கள்.